ஒரு மரண அறிவித்தலும் எட்டுப் பெயர்களும்

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்காபரோவில் ஒரு தமிழ் அச்சகத்தில் வேலை செய்தேன். கல்யாண அட்டை, கோவில் திருவிழா நோட்டீஸ், பலசரக்குக் கடைகளின் கலண்டர், வாரம் ஒரு தமிழ்ப் பத்திரிகை எல்லாம் அங்கே அச்சாகின. தமிழ்ப் பக்கங்களை நான் பார்த்தேன். ஆங்கில வேலைகளை ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பார்த்தார். அவர் இறந்தபோது நான் எழுதிய மரண அறிவித்தலால், உயிரோடிருந்த இன்னொரு பெண் தன் எட்டு வயது மகளை இழக்கும் நிலைக்கு வந்தார். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

அதற்குமுன் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் பல வருடம் துணை ஆசிரியராக இருந்தேன். செய்தி எழுதியதைவிட மரண அறிவித்தல் எழுதியதுதான் அதிகம். எங்கள் மரண அறிவித்தலுக்கு ஒரு கட்டுமானம் உண்டு. எங்கே பிறந்தார், எங்கே வாழ்ந்தார், யாருடைய மகன், யாருடைய கணவர், யார் யாருக்குத் தகப்பன், மாமன், மைத்துனன், பாட்டன். எழுத்துப்பிழை வந்தால் மன்னிப்பார்கள். பெயர் விடுபட்டால் மன்னிக்க மாட்டார்கள். அச்சகத்தில் சேர்ந்த முதல் வருடத்திலேயே ஒரு அறிவித்தலில் இரண்டாவது மருமகனின் பெயரை விட்டுவிட்டேன். மறுநாள் அவர் வந்தார். சத்தம் போடவில்லை. பத்திரிகையைக் கவுண்டரில் விரித்து, இரண்டு பெயர்களுக்கு நடுவில் விரலை வைத்தார்.

"இதுக்குள்ள நான் நிண்டிருக்கோணும்" என்றார்.

விரலை எடுக்கவேயில்லை. அடுத்த வாரம் முழு அறிவித்தலையும் திரும்பப் போட்டோம்.

ஆங்கிலம் பார்த்த பெண்மணி இதைப் பக்கத்து மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்ராறியோவின் வடக்கே ஒரு சுரங்க ஊரில் பிறந்தவர். ஐம்பது தாண்டியவர், நல்ல உயரம். பென்சிலைக் கொண்டையில் செருகிவிட்டுப் பென்சிலைத் தேடுவார். தமிழில் மூன்று சொற்கள் பழகியிருந்தார்: ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர் ஓம், சரி, நாளைக்கு. அச்சக வேலைக்கு இவ்வளவும் போதும் என்பது அவருடைய கணிப்பு. அந்த மருமகன் போனபிறகு, என்ன நடந்தது என்று கேட்டார். விளக்கினேன்.

"உங்கள் அறிவித்தலில் இறந்தவர் ஒருவர், உயிரோடிருப்பவர்கள் நாற்பது பேர்" என்றார். "எங்கள் ஊரில் நேர்மாறு. செத்த பிறகுதான் ஒருவரைப் பற்றியே பேசுவார்கள்."

சனிக்கிழமை மத்தியானங்களில் அவர் தன் சொந்த வேலை ஒன்றைச் செய்தார். எட்டுப் பக்கத்தில் ஒரு மாத இதழ். ரொறன்ரோவிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த பேகன் நம்பிக்கையாளர்களுக்கானது. அச்சக முதலாளி என்னைவிடப் பத்து வயது இளையவர். எதையும் பகிடியாக எடுப்பவர். போட்டோகொப்பி மெஷினுக்கு மேலே கிடந்த முதல் பிரதியை எடுத்து, அதில் ‘விட்ச்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணை, உவ சூனியக்காரியாமே. என்ர மனிசி ஒரு வருசமாச் சொல்லுது, கடைக்கு ஆரோ செய்வினை செய்துபோட்டாங்கள் எண்டு. உவவிட்டச் சொல்லி ஒருக்கா வெட்டுவிச்சுத் தாங்கோவன்."

"நீரே கேளும்" என்றேன்.

கேட்டார். செய்வினை எடுப்பீர்களா என்று, ஆங்கிலத்தில், பாதி சிரிப்போடு. பெண்மணி கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "நான் காற்புள்ளி மட்டும்தான் எடுப்பேன்" என்றார். முதலாளிக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. அதன்பிறகு அந்த இதழுக்கான தாளை அச்சகமே கொடுத்தது.

எனக்குச் சமயத்தில் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனால் ஒரு சொல் என்னைத் தாண்டிப் போனால் அதன் எல்லை எங்கே என்று தெரியவேண்டும். அவருடைய இதழில் விக்கா, பேகன் என்ற இரண்டு சொற்களும் பக்கத்துக்குப் பக்கம் வந்தன. சில இடத்தில் ஒன்றுக்கொன்று மாற்றாக, சில இடத்தில் ஒன்றோடொன்று சண்டையாக. இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டேன்.

அவர் சொன்னது இதுதான். பேகன் என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பொதுப்பெயர். பழைய பிரித்தானியாவில் துரூயிதுகள் என்ற பூசாரிகளின் வழியை மீட்க முயல்பவர்கள் அதற்குள் இருக்கிறார்கள். வடதேசத்துத் தெய்வங்களுக்குத் தேன்மது படைப்பவர்கள், கிரேக்க, எகிப்தியத் தெய்வங்களைத் திரும்ப வணங்கத் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். எந்தத் தெய்வத்தின் பெயரையும் சொல்லாமல் மண்ணையும் மரத்தையும் மட்டும் மதிப்பவர்களும் இருக்கிறார்கள். விக்கா அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை. பார்க்கப் பழையதுபோல இருக்கும். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் இங்கிலாந்தில் வெளியே தெரிய வந்தது. ஒரு தேவி, ஒரு தேவன், வருடத்துக்கு எட்டுப் பருவ விழாக்கள், தரையில் வரையும் ஒரு வட்டம். அதில் நாலு பேர் நாலு திசையையும் பெயர் சொல்லி அழைப்பார்கள். அவருடைய மரபில் தீட்சை எடுத்தவர்கள்தான் அந்த வட்டத்துக்குள் நிற்கலாம். புத்தகம் படித்துத் தனியாகச் செய்பவர்களும் தங்களை விக்கா என்பார்கள். அவர்களோடு அவருக்குச் சண்டை இல்லை.

"கடைகளில் எங்களைப் பற்றித்தான் புத்தகம் அதிகம்" என்றார். "அதனால் வெளியே இருப்பவர்கள் பேகன் என்றாலே விக்கா என்று நினைக்கிறார்கள். அது மற்றவர்களுக்குக் கோபம்."

கோபம் மாதாமாதம் கடிதமாக வந்தது. துரூயிது வழிக்காரர் ஒருவர், கோடை விழாவைப் பற்றி இதழ் எழுதியதெல்லாம் விக்காவின் கோடை விழா, எங்களுடையது அல்ல என்று மூன்று பக்கம் எழுதியிருந்தார். பெண்மணி அதில் ஒரு வரியும் வெட்டாமல் முதல் பக்கத்தில் போட்டார். "எல்லா விக்காக்காரரும் பேகன்கள், எல்லாப் பேகன்களும் விக்காக்காரர் அல்ல. இவ்வளவுதான் அவர் சொல்கிறார். மூன்று பக்கம் தேவைப்பட்டிருக்கிறது" என்றார்.

எனக்கு அது சைவமும் இந்துவும்போலத் தெரிந்தது. கனடாவுக்கு வந்தபோது என் அகதிப் பத்திரத்தில் சமயம் என்ற கட்டத்துக்குச் சைவம் என்று சொன்னேன். மொழிபெயர்ப்பாளர், "உது அவங்களுக்கு விளங்காது அண்ணை, இந்து எண்டே போடுவம்" என்று போட்டுவிட்டார். பிழை என்று சொல்ல முடியாது. சரி என்றும் எனக்குப் படவில்லை. இதை அவரிடம் சொன்னேன்.

"பாதி சரி" என்றார். "ஆனால் நீங்கள் அதற்குள் பிறந்தீர்கள். உங்கள் அறிவித்தலில் வரும் நாற்பது பேரும் அதற்குள் பிறந்தவர்கள். எங்களில் பெரும்பாலானோர் ஒவ்வொருவராக, தனியாக வந்து சேர்ந்தவர்கள். வீட்டில் சொல்லாமல்."

வேறொரு நாள் அவருடைய வட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்டபோது, ஒன்பது என்றார். யார் யார் என்றேன். "என்னைப் பற்றி நான் சொல்லலாம். மற்றவர்களைப் பற்றி அவர்கள்தான் சொல்லவேண்டும்." அதை நான் மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். அது அவர்களுடைய முதல் விதி என்பது எனக்கு விளங்கவில்லை. பூங்காவில் பேகன்கள் நடத்தும் கோடைப் பிக்னிக்குக்கு யாரும் வரலாம், நாயைக்கூடக் கூட்டிவரலாம். வட்டத்துக்குள் நிற்பவர் யார் என்பதை மட்டும் ஒருவர் மற்றவருக்காக வெளியே சொல்வதில்லை.

பங்குனி மாதம் அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆவணியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். வேலை முடிந்து இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்ப்பேன். அங்கேதான் அவருடைய வட்டத்து ஆட்களைக் கண்டேன். ஒரு தாதி, ஒரு பஸ் சாரதி, ஒரு நூலகக்காரர். அவர்களில் ஒருவர் ஸ்காபரோவில் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. முப்பத்தைந்து வயது இருக்கும். வகுப்பில் பாதிக்குமேல் எங்கள் பிள்ளைகள். நடைபாதையில் என்னை நிறுத்தி, ஒரு பிள்ளையின் பெயரைக் காகிதத்தில் எழுதிக் காட்டி, எப்படிச் சொல்வது என்று கேட்பார். நான் சொல்வதை நாலைந்து தரம் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார்.

ஒருநாள் அவர் தன் மகளைப் பற்றிச் சொன்னார். எட்டு வயது, அதே பள்ளியில் படிக்கிறாள். கணவரும் அவரும் பிரிந்து ஒன்றரை வருடம். பிள்ளை யாரோடு இருப்பது என்பது வழக்கில் இருந்தது. "வாரத்தில் ஒருநாள் அவர் வந்து கூட்டிப் போகிறார். இப்போது வாரம் முழுவதும் வேண்டுமாம். என்னிடம் ஒரு குறை கண்டுபிடித்தால் போதும் அவருக்கு."

இது எனக்குத் தெரியும். அவர் அந்த வட்டத்தில் ஒருவர் என்பதும் தெரியும். இரண்டு தகவலும் என் கையில் இருந்தன. பத்திரிகைக்காரன் சம்பளம் வாங்குவதே இரண்டு தகவலைச் சேர்த்துப் பார்ப்பதற்குத்தான். நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

சாவதற்கு ஒரு கிழமைக்கு முன் பெண்மணி எனக்கு ஒரு பட்டியல் சொன்னார். நான் எழுதினேன். வட்டத்தின் மற்ற எட்டுப் பேரின் பெயர், எட்டுத் தொலைபேசி இலக்கம். குடும்பப்பெயரோடு, அகரவரிசையில். மோர்ஃபினுக்கு நடுவிலும் வரிசை பிசகவில்லை. "முதலில் என் தம்பிக்கு. பிறகு இவர்களுக்கு" என்றார். புரட்டாசி முதல் கிழமையில், காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பட்டியலைப் பக்கத்தில் வைத்து, தம்பியோடு சேர்த்து ஒன்பது பேருக்கும் சொன்னேன்.

தம்பி வடக்கிலிருந்து வந்தார். அடக்கமான மனிதர், தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகிறவர். தகனத்துக்கு முன் ஒரு போதகர் கொஞ்ச நேரம் பேசினார். எட்டுப் பேரும் பின்வரிசைகளில், ஆளுக்கு ஆள் இடம் விட்டு, அறிமுகமில்லாதவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். கவனித்தேன். வெள்ளைக்காரர் சாவீட்டில் அப்படித்தான் இருப்பார்கள்போல என்று நினைத்தேன்.

முடிந்ததும் ஆசிரியை என்னிடம் ஒரு காகிதம் தந்தார். நீங்கள் பத்திரிகையில் போடுவீர்களென்றால் என்று எழுதிவந்தேன் என்றார். இரண்டு வரி. பெயர், இறந்த நாள். அடுத்த வரியில், அவருடைய பேகன் நண்பர்கள் அவரை அன்போடு நினைவுகூருகிறார்கள்.

முதலாளியிடம் காட்டினேன். முகத்தைச் சுளித்தார்.

"என்ன அண்ணை, நாய்க்குட்டி துலைஞ்சுபோச்செண்டு போடுற மாதிரி இருக்கு. அவ எங்கட ஆள். இங்கிலிஷ் பக்கத்தில அரைப்பக்கம் எடுங்கோ. படம் போடுங்கோ. எங்கட ஆக்களுக்குப் போடுற மாதிரி வடிவாப் போடுங்கோ."

எங்கள் பத்திரிகையில் இளையவர்களுக்கென்று ஓர் ஆங்கிலப் பக்கம் இருந்தது. அவர் ஐந்து வருடம் பிழைதிருத்திய பக்கம். அதில் அவருக்கு இரண்டு வரி போடுவது எனக்கும் மனம் வரவில்லை. காகிதத்தை மேசையில் வைத்துத் திருத்தத் தொடங்கினேன்.

முதலில் பேகன் என்ற சொல்லை அடித்தேன். அது பொதுச்சொல். வாகனம் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் லொறியா பஸ்ஸா என்று கேட்டு எழுதுவது எங்கள் பழக்கம். எது லொறி, எது பஸ் என்று இறந்தவரே எனக்குச் சொல்லித் தந்திருந்தார். விக்கா என்று எழுதினேன். அடுத்தது நண்பர்கள் என்ற சொல். யார் அந்த நண்பர்கள்? பட்டியல் சட்டைப்பையில் இருந்தது. இன்ன ஊரில் பிறந்து ஸ்காபரோவில் வாழ்ந்தவரும், இன்னாரின் மகளும், இன்னாரின் சகோதரியும், இன்னார் இன்னாரின் விக்கா வட்டத் தோழியுமாகிய என்று எங்கள் கட்டுமானத்தை அப்படியே ஆங்கிலத்தில் கொண்டுவந்தேன். எட்டுப் பெயரும் முழுதாக, குடும்பப்பெயரோடு. ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. மூன்றுதரம் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

ஆசிரியைக்குக் காட்ட நேரம் இருந்தது. பக்கம் முடிக்க ஒன்றரை நாள் இருந்தது. காட்டவில்லை. அச்சில் பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். வேறு எந்த ஆங்கிலப் பத்திரிகையும் அவர்களுக்குச் செய்யாததை நாங்கள் செய்கிறோம் என்ற பெருமையும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை பத்திரிகை கடைகளுக்குப் போனது. திங்கட்கிழமை காலை, ஆசிரியையின் வகுப்பில் படித்த எங்கள் பிள்ளை ஒன்று அந்த அறிவித்தலை வெட்டி எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனது. ரீச்சரின் பெயர் பேப்பரில் வந்திருக்கிறது என்ற சந்தோஷம். ஆசிரியை வகுப்புக்கு வருமுன் அதைக் கதவுக்கு வெளியே இருந்த அறிவித்தல் பலகையில் குத்திவிட்டது. சுற்றிவரக் கலர்ப் பென்சிலால் பூவும் வரைந்திருந்ததாம். பல காகிதங்களுக்கு நடுவே இருந்த அதை ஆசிரியை பள்ளி முடியும்வரை கவனிக்கவில்லை. திங்கட்கிழமைதான் கணவர் மகளைக் கூட்டிப்போக வரும் நாள். பலகைக்கு முன்னால் நின்று அவர் வாசிப்பதை ஆசிரியை வகுப்புக்குள்ளிருந்து கண்டார். வாசித்து முடித்துவிட்டு ஊசியைக் கழற்றி, காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆசிரியை அச்சகத்துக்கு வந்தார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார். குரல் உயரவில்லை. கணவரின் வழக்கறிஞர் அன்று காலையே தொலைபேசியில் பேசியதாகச் சொன்னார். இப்போது கணவர் கையில் அச்சான ஆதாரம் இருந்தது. சூனிய வட்டத்தில் இருக்கும் தாயிடம் பிள்ளை வளரலாமா என்பதுதான் இனி கேள்வி.

முதல்நாள் இரவு அவர் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதுமே நான் ஒரு திருத்தம் எழுதி வைத்திருந்தேன். பிழை நடந்தால் திருத்தம் போடுவது, அதுவும் அடுத்த இதழிலேயே போடுவது. வேறொன்றும் எனக்குத் தெரியாது. எடுத்துக் காட்டினேன். மேற்படி அறிவித்தலில் வெளியான பெயர்கள் தவறுதலாகச் சேர்க்கப்பட்டவை.

அவர் அதை வாசித்தார்.

"நீங்கள் போட்டதில் எந்தச் சொல் பிழை?" என்று கேட்டார்.

அறிவித்தலை எடுத்து மேலிருந்து கீழாக ஒருதரம் வாசித்தேன்.

"என் பெயர் சரி. எழுத்து சரி. நான் விக்கா என்பதும் சரி. இதைப் போட்டால் எட்டுப் பேரின் பெயரையும் இன்னொருதரம் தேடிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான்." காகிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "இரண்டு வரி போதும் என்றுதானே எழுதினேன். நான் சும்மாவா பேகன் என்று எழுதினேன்? அது பெரிய சொல். அதற்குள் எங்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகத்தான் எழுதினேன்."

அவர் போனபிறகு முதலாளி உள்ளே இருந்து வந்தார். எப்போதும்போலப் பகிடி விடவில்லை. "என்னாலயும்தான் அண்ணை" என்றார். "வடிவாப் போடச் சொன்னது நான்தானே."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

"இஞ்சருங்கோ, பேர் விடுபட்டாத்தானே சண்டைக்கு வாறவை? இது பேர் போட்டதுக்கோ?"

"ஓம்."

"கேட்டுப்போட்டுப் போட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம்."

"அந்தப் பிள்ளை இப்ப ஆரோட இருக்குது?"

"தாயோடதான். இன்னும்."

அந்த வாரமே மற்ற ஏழு பேரில் மூன்று பேர் வட்டத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். தாதி முதலில். யாரும் என்னைத் திட்டவில்லை. இதழும் நின்றது. நான் எழுத்துக் கோத்துத் தருகிறேன் என்று நூலகக்காரரிடம் கேட்டேன். மிகவும் நன்றி, வேண்டாம் என்றார்.

மூன்று கிழமை கழித்து ஆசிரியை திரும்ப வந்தார். கையில் ஒரு பெரிய உறை. வழக்கு நீதிபதிவரை போகாமல் முடிக்கலாம் என்று அவருடைய வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். உடன்படிக்கை எழுதியிருக்கிறார்கள். மகள் இப்போது இருப்பதுபோலவே தாயோடு இருக்கலாம். அதற்குத் தாய் ஒரு விஷயத்துக்கு உடன்பட வேண்டும். அந்தப் பந்தியை விரலால் காட்டினார்.

"உங்களுக்குச் சொற்கள் தெரியும்" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே உதவி கேட்டு வந்திருந்தார். "இதற்குள் எது வரும், எது வராது என்று சொல்லுங்கள்."

வாசித்தேன். விக்கா அல்லது வேறெந்தப் பேகன் நம்பிக்கையையும் சார்ந்த கூட்டம், சடங்கு, வெளியீடு எதிலும் தாய் பங்குகொள்வதில்லை.

"கோடைப் பிக்னிக்?" என்று கேட்டார். "அங்கே சடங்கு ஒன்றும் இல்லை. உருளைக்கிழங்கு சலாட்டும் தர்ப்பூசணியும்தான்."

"பேகன்கள் கூட்டுகிற கூட்டம். வரும்."

"துரூயிதுக்காரர் வசந்தத்தில் ஆற்றங்கரையில் மரம் நடுவார்கள். மகளுக்கு அது பிடிக்கும்."

"வரும்."

"தபாலில் வரும் இதழ்கள்?"

"வெளியீடு என்று எழுதியிருக்கிறார்கள்."

விரலை அந்தப் பந்தியிலிருந்து எடுத்தார். "முதலில் என் வழக்கறிஞர் எழுதியபோது விக்கா என்று மட்டும்தான் இருந்தது. அப்படியே இருந்திருந்தால்?"

"பிக்னிக்குக்குப் போகலாம். மரம் நடலாம்."

"என் கணவர்தான் பேகன் என்ற மற்றச் சொல்லைப் போடச் சொன்னாராம். அவருக்கு வித்தியாசம் தெரியும். ஏழு வருடம் அவரும் பிக்னிக்குக்கு வந்தவர்தானே. சலாட் அவர்தான் செய்வார்."

அந்தப் பந்தியில் ஒரு சொல்லையாவது சுருக்க முடியுமா என்று பார்க்கச் சொன்னார். பென்சிலை எடுத்து அரை மணித்தியாலம் இருந்தேன். எதைத் தந்தாலும் சுருக்குவதுதான் என் தொழில். எந்தச் சொல்லை எடுத்தாலும் மிச்சச் சொற்கள் அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டன. எழுதியவர் வேலை தெரிந்தவர். முடியாது என்று சொன்னேன்.

"சரி" என்றார். தமிழில் சொன்னார். அந்தச் சொல்லை எங்கே பழகினார் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் வழக்கறிஞரிடம் போய்க் கையெழுத்து வைத்தார்.

இறந்தவரின் தம்பி சாம்பலை வட்டத்துக்காரரிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவளுக்கு எந்த இடம் பிடிக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும் என்றாராம். அவர்களுடைய விழாக்களில் இறந்தவர்களை நினைப்பது ஒக்டோபர் முடிவில் வரும். அந்த மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில் சாம்பலைக் கரைப்பதாக முடிவாகியது. அதற்கு முதல்நாள் ஆசிரியை எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அது பொதுப் பூங்கா. யாரும் வரலாம். நீங்கள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து சொல்வீர்களா? நான் போக முடியாது. நீங்கள் எதிலும் இல்லைத்தானே." சொல்லிவிட்டு அந்தக் கடைசி வசனத்துக்கு மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புத் தேவையில்லை என்றேன்.

போனேன். கார் நிறுத்துமிடத்தின் விளிம்பில் நின்றேன். மத்தியானம் இரண்டு மணி. வெயில் இருந்தது, காற்றும் இருந்தது. நாலு பேர் வந்தார்கள். மழைக்கோட்டுகள், தொப்பிகள். ஒருவர் கையில் காலணிப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. மணலில் வட்டமாக நடந்தார்கள். பிறகு ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்று ஏதோ சொன்னார்கள். எனக்குக் கேட்கவில்லை. நாய் நடத்திக்கொண்டு போன ஒரு கிழவர் அவர்களைக் கடந்து போனார். திரும்பியும் பார்க்கவில்லை. பெட்டியோடு ஒருவர் முழங்கால் தண்ணீர்வரை இறங்கினார். இருபது நிமிடத்தில் முடிந்தது. அவர்கள் போனபிறகு மணலில் போய்ப் பார்த்தேன். காலடிகள் மட்டும் இருந்தன.

பின்னேரம் ஆறு மணிக்கு ஆசிரியைக்கு அழைத்தேன்.

"எத்தனை பேர்?"

"நாலு."

"நாலு பேரா" என்றார். பிறகு, "தண்ணீர் எப்படி இருந்தது?"

"அலை இருந்தது. பெரிதில்லை."

"காற்று?"

"கரைப்பக்கமாக அடித்தது. கொஞ்சம் சாம்பல் திரும்பி வந்து ஒருவருடைய கோட்டில் பட்டது. அவர் தட்டிவிடவில்லை."

அவருடைய வீட்டில் தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது.

"மேற்குப் பக்கம் பார்த்து நின்றது யார்?"

"எல்லோரும் தொப்பி போட்டிருந்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை."

"உயரமா? கட்டையா?"

நேரம், உடுப்பு, காற்றின் திசை எல்லாம் குறித்து வைத்திருந்தேன். அதைக் குறிக்கவில்லை. "கவனிக்கவில்லை" என்றேன்.

"பரவாயில்லை" என்றார். "ஆறு வருடம் மேற்கை அழைத்தது நான்தான். அதுதான் கேட்டேன்."

பின்னால் சிறுமியின் குரல் கேட்டது. ஹாலோவீனுக்குப் பேய் வேஷம். போர்வையைத் தலையால் போட்டுக்கொண்டு நிற்கிறாள்போல, குரல் துணிக்குள்ளிருந்து வந்தது. கண்ணுக்கு ஓட்டை எங்கே வெட்டுவது, வந்து அடையாளம் போட்டுவிடு என்று தாயைக் கூப்பிட்டாள்.

"வருகிறேன்" என்று அவளுக்குச் சொன்னார். எனக்கு நன்றி சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார்.